வைரஸுக்கும் உண்டு வம்சம்!

கல்யாண வீட்டுக்குப் போயிருப்பீர்கள். முன்பின் பார்த்திராத ஒரு பாட்டி உங்கள் தாடையைப் பிடித்துத் திருப்பி, "இந்த மூக்கு... நீ சிவகாமி பேரன்தானே?" என்பார். நீங்கள் திருதிருவென்று விழிப்பீர்கள். ஆனால் பாட்டி சொன்னது சரியாகவே இருக்கும். மூக்கு, காது, நெற்றி இவற்றை வைத்தே எந்த வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் வம்சம் என்று சொல்லிவிடுகிற பாட்டிகள் எல்லா ஊரிலும் உண்டு.

இதே வேலையை வைரஸ்களுக்குச் செய்கிற விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். இந்த வைரஸ் எந்தக் குடும்பம்? இதற்கு அண்ணன் தம்பி யார்? ஒன்றுவிட்ட சித்தப்பா யார்? இதுதான் அவர்கள் கேட்கிற கேள்வி.

வைரஸின் சொந்தக்காரர்களைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? அது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1998-ல் மலேசியா பார்த்தது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம்.

கொசுவைத் துரத்தினார்கள்!

மலேசியாவில் ஈப்போ என்ற நகரம். அதைச் சுற்றிப் பன்றிப் பண்ணைகள் நிறைய இருந்தன. 1998 செப்டம்பரில் அங்கே வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், சிலருக்கு நினைவே தப்பியது. மூளையில் வீக்கம். அடுத்தடுத்து மரணங்கள்.

இது ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக இருக்கும் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த நோய்க்கும் பன்றிக்கும் தொடர்பு உண்டு. பன்றியின் உடலில் பெருகுகிற கிருமியைக் கொசு எடுத்துக்கொண்டு வந்து மனிதரைக் கடிக்கும். மலேசியாவில் முன்பே வந்திருந்த நோய்தான். எனவே கொசு மருந்துப் புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள்.

நோய் நிற்கவில்லை. தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கும் பரவியது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் படுக்கையில் விழுந்தார்கள்.

சில விஷயங்கள் பொருந்தவே இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பெரியவர்கள், அதிலும் பன்றிகளோடு புழங்கிய ஆண்கள். கொசு என்றால் பண்ணைக்காரரையும் கடிக்கும், பக்கத்து வீட்டுக்காரரையும் கடிக்கும். ஆனால் பன்றியின் பக்கமே போகாத பக்கத்து வீட்டுக்காரர்கள் நன்றாக இருந்தார்கள். இன்னொன்று, பன்றிகளும் இருமின. சும்மா இருமல் இல்லை. தூரத்திலிருந்தே கேட்கும் என்பதால் 'ஒரு மைல் இருமல்' என்றே அதற்குப் பெயர் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்த பன்றி அப்படி இருமாது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் என்பவர் வைரஸ் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1999 மார்ச்சில், இறந்துபோன நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரிலிருந்து எடுத்த மாதிரியை, ஆய்வகத்தில் வளர்க்கிற செல்களில் விட்டுப் பார்த்தார். சில நாட்களில் செல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, உருகிய சாக்லேட் மாதிரி பெரிய பெரிய திட்டுகளாகிவிட்டன. இது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியின் வேலை இல்லை என்று அவருக்குச் சந்தேகம் தட்டியது.

மாதிரியைப் பத்திரமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். (இன்றைக்கு யாரும் அப்படி எடுத்துப் போக முடியாது!) கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கொசு பரப்புகிற வைரஸ்கள் சின்னஞ்சிறு உருண்டைகளாகத் தெரியும். இங்கே தெரிந்ததோ அதைவிடப் பெரிய உருவம். உள்ளே மீன் முள் போல வரிவரியாக ஓர் இழை.

அது பாராமிக்ஸோ வைரஸ் என்ற குடும்பத்தின் முகம். நம் ஊரில் தட்டம்மை என்றும் பொன்னுக்குவீங்கி என்றும் சொல்கிறோமே, அந்த நோய்களை உண்டாக்குகிற வைரஸ்களின் குடும்பம்! இந்தக் குடும்பத்துக்குக் கொசு தேவையே இல்லை. எச்சில், மூக்குச்சளி, நெருங்கிப் பழகுவது, இவை போதும்.

குடும்பம் தெரிந்ததும் எல்லாமே தலைகீழானது. எதிரி கொசு இல்லை, இருமுகிற பன்றி! ராணுவத்தை இறக்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். கொடுமையான வேலைதான். பல குடும்பங்களின் பிழைப்பே போயிற்று. ஆனால் நோய் நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேரைத் தாக்கி, 105 பேரைக் கொன்றிருந்தது. குடும்பத்தின் பெயர் சில மாதங்கள் முன்னாலேயே தெரிந்திருந்தால்? இந்தக் கேள்வி அந்த விஞ்ஞானிகளைத் தூங்கவிட்டிருக்காது.

மாதிரி கொடுத்த நோயாளியின் ஊர் சுங்கை நிபா. அதனால் புது வைரஸுக்கு 'நிபா' என்று பெயர் வைத்தார்கள்.

மாடா? மாடியா?

நுண்ணோக்கியில் முகம் தெரிந்துவிட்டது. ஆனால் முகம் மட்டும் போதாது. ஒரே குடும்பத்தில் நெருங்கிய அண்ணன் தம்பியும் இருப்பார்கள், தூரத்துச் சொந்தமும் இருப்பார்கள். யார் எவ்வளவு நெருக்கம் என்று சொல்ல, வைரஸின் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

என்ன எழுதியிருக்கும்? மரபணுச் செய்திதான். தமிழில் 247 எழுத்துகள். நிபா மாதிரி வைரஸுக்கு மொத்தம் நான்கே எழுத்துகள். ஏ, யு, ஜி, சி என்பார்கள். அந்த நான்கும் முன்னும் பின்னுமாக ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும். வைரஸ் பெருகும்போது இந்த வரிசையை நகல் எடுக்கும். நகல் எடுக்கும்போது அங்கங்கே எழுத்துப் பிழை வரும். அந்தப் பிழைதான் துப்பறிகிறவர்களுக்குத் துப்பு!

எப்படி என்று கேளுங்கள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதுகிறார்: "மாடு மேயப் போனது, மாலையில் வந்தது." பின் பெஞ்சு மாணவர்கள் அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். திருத்த வந்த நோட்டுகளில் இப்படி இருக்கிறது:

ராஜா: மாடு மேயப் போனது, மலையில் வந்தது.
கபீர்: மாடு மேயப் போனது, மலையில் வெந்தது.
ஸ்டெல்லா: மாடி மேயப் போனது, மாலையில் வந்தது.

மாடி மேயப் போவதும், மாடு மலையில் வேகிறதும் இருக்கட்டும்! யார் யாரைப் பார்த்து எழுதினார்கள்? ராஜா நோட்டிலும் கபீர் நோட்டிலும் 'மலையில்' என்ற ஒரே பிழை. இருவரும் ஒரே பாதையில் வந்தவர்கள். கபீர் அதோடு இன்னொரு பிழையும் சேர்த்துக்கொண்டான். ஸ்டெல்லா தனிப் பாதை. அவள் ராஜாவையும் பார்க்கவில்லை, கபீரையும் பார்க்கவில்லை.

ஓலைச்சுவடிகளை அச்சுக்குக் கொண்டுவந்த தமிழறிஞர்களும் பல சுவடிகளை அருகருகே வைத்து இப்படித்தான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வைரஸ் ஆராய்ச்சியிலும் இதே வித்தைதான். வித்தியாசம் என்னவென்றால் வாக்கியம் கொஞ்சம் நீளம். 18 ஆயிரம் எழுத்துகள்! அதனால் ஒப்பிடுகிற வேலையைக் கணினி செய்கிறது. பிழைகள் ஒத்துப் போகிற வைரஸ்களைப் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் வைத்து ஒரு மரம் வரைந்து கொடுத்துவிடும். அதுதான் வம்ச மரம்.

குதிரை லாயத்தில் ஒரு சொந்தம்

நிபாவை மரத்தில் எங்கே வைப்பது என்று பார்த்தபோது, பக்கத்தில் இன்னொருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் ஹெண்ட்ரா.

1994-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஹெண்ட்ரா என்ற பகுதியில், ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் நோய் வந்தது. ஒரு டஜனுக்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. அவற்றுக்குப் பயிற்சி கொடுத்தவரும் இறந்துபோனார். அந்தக் கிருமியை முதலில் தட்டம்மை வைரஸின் உள்வட்டத்தில் சேர்த்து, குதிரைத் தட்டம்மை என்பது போல ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் லின்ஃபா வாங் என்ற விஞ்ஞானியும் அவருடைய நண்பர்களும் எழுத்துகளை முழுக்கப் படித்து எண்ணியபோது இடித்தது. தட்டம்மை வைரஸில் 15,894 எழுத்துகள். ஹெண்ட்ராவில் 18,234! அந்தக் குடும்பத்தில் அதுவரை தெரிந்த மற்றவர்களைவிட ஹெண்ட்ரா சுமார் 15 சதவீதம் நீளம்.

நிபாவை எண்ணினார்கள். 18,246. ஹெண்ட்ராவைவிடப் பன்னிரண்டே எழுத்துகள் அதிகம். இரண்டிலும் ஆறு மரபணுக்கள், ஒரே வரிசையில். அதில் ஒரு மரபணுவை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் நூற்றுக்கு 78 எழுத்துகள் ஒன்றாக இருந்தன. தட்டம்மையோடு ஒப்பிட்டால் இந்த அளவு ஒற்றுமை கிடையாது. ஆகவே இருவரையும் தட்டம்மை வீட்டிலிருந்து பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்தார்கள். புது வீட்டின் பெயர் ஹெனிபா வைரஸ். ஹெண்ட்ராவில் பாதி, நிபாவில் பாதி!

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பென்சிலை எடுங்கள். 15,894, 18,234, 18,246 இந்த மூன்றையும் ஆறால் வகுத்துப் பாருங்கள்.

மீதி வந்ததா? வராது! இது தற்செயல் இல்லை. இந்தக் குடும்பத்து வைரஸ்கள் தங்கள் எழுத்துச் சரத்தைப் புரதத்தால் உறை போட்டுப் பாதுகாக்கின்றன. ஓர் உறைத் துண்டுக்குள் சரியாக ஆறு எழுத்துகள். ஆறு பேர் உட்காருகிற பெஞ்சு மாதிரி. கடைசி பெஞ்சில் நான்கு பேர், ஐந்து பேர் என்று இருந்தால் நகல் எடுக்கிற வேலை சரியாக நடக்காது. தனிக்குடித்தனம் போனாலும் தாத்தா வீட்டுப் பழக்கம் விடவில்லை, பார்த்தீர்களா!

எந்த மரத்தடியில் தேடுவது?

பன்றிக்கு நிபா எங்கிருந்து வந்தது? காட்டில் எத்தனையோ பிராணிகள். எலியா, நாயா, பறவையா? ஒவ்வொன்றாகப் பிடித்துச் சோதித்தால் எத்தனை ஆண்டுகள் ஆகும்!

இங்கேதான் சொந்தக்காரர் கை கொடுத்தார். ஹெண்ட்ராவின் வீட்டை ஆஸ்திரேலியர்கள் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு அவர்கள் பட்ட பாடு பெரிது. பிரிஸ்பேனிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தூரத்தில் மக்காய் என்ற இடத்திலும் அதே 1994-ல் குதிரைகள் இறந்திருந்தன. இரண்டு இடத்துக்கும் குதிரைகளின் போக்குவரத்து இல்லை. அப்படியானால் இரண்டு ஊரிலும் இருக்கிற, தொலைதூரம் போகக்கூடிய பிராணி எது? ஹியூம் ஃபீல்டு என்ற கால்நடை மருத்துவரும் மற்றவர்களும் தேடித் தேடி, 1996-ல் பழந்தின்னி வௌவாலிடம் வந்து சேர்ந்தார்கள். அவற்றின் ரத்தத்தில் ஹெண்ட்ரா வந்துபோன அடையாளம் இருந்தது. பிறகு வைரஸே கிடைத்தது. அந்த வௌவால்களுக்கோ ஒரு தும்மல் கூட இல்லை.

'ஹெண்ட்ரா வௌவாலிடம் இருக்கிறது என்றால் அதன் தம்பியும் அங்கேதான் இருப்பான்' என்று மலேசியாவில் கணக்குப் போட்டார்கள். மரபணு மரம் காட்டிய திசையில் நேராக வௌவாலிடமே போனார்கள்.

டாக்டர் சுவாவின் குழு போன இடம் தியோமான் தீவு. கடலுக்கு நடுவே அழகான தீவு. வௌவால்கள் கூட்டமாகத் தொங்குகிற மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்துவைத்தார்கள். இரவெல்லாம் பழம் தின்ற வௌவால்கள் விடியற்காலையில் திரும்பி வந்து மரத்தில் தொங்கும். அப்புறம்... ஆமாம், மூச்சா போகும்! அதைச் சேகரிக்கத்தான் அந்த விரிப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்காதீர்கள். உலகத்தின் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று அந்த விரிப்பில்தான் நடந்தது. வௌவாலைப் பிடிக்கவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். பல நூறு துளிகளைத் தேடியதில் நிபா கிடைத்தது. வௌவால் கடித்துப் போட்ட ஒரு ஜம்பு நாவல் பழத்திலும் கிடைத்தது! பன்றிப் பண்ணைகளின் பக்கத்தில் மாமரங்கள் நின்றதும், வௌவால் கடித்த பழங்கள் தொட்டியில் விழுந்திருக்கும் என்பதும் அப்போதுதான் பொருந்தி வந்தது.

அதே விரிப்பில், யாருக்கும் தெரியாத இன்னொரு வைரஸும் கிடைத்தது. அதற்குத் தீவின் பெயரையே வைத்து, எழுத்துகளைப் படித்து, ஆஸ்திரேலிய வௌவால்களின் மெனாங்கிள் என்ற வைரஸுக்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். தியோமான் தீவில் தூரியன் மரத்துப் பூக்களில் மகரந்தத்தைச் சேர்த்து வைப்பதும் இதே வௌவால்கள்தான். நம் ஊர் இலுப்பைக்கும் வௌவால் உதவுகிறது. வைரஸ் இருக்கிறது என்று மரத்தை வெட்டி வௌவாலைத் துரத்தினால் அது உங்கள் தோட்டத்து மாமரத்துக்குத்தான் வரும்.

பக்கத்து மாநிலத்தில்

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், பேராம்பிரா அருகே ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக்காய்ச்சல். மருத்துவர்கள் சந்தேகப்பட்டு மாதிரியை அனுப்பினார்கள். மணிப்பாலிலும் புனேவிலும் உள்ள ஆய்வகங்கள் சில நாட்களில் சொல்லிவிட்டன: நிபா! மலேசியாவில் மாதக்கணக்கில் தெரியாமல் இருந்த விடை, இங்கே நாட்களில் தெரிந்தது. காரணம், ஒப்பிட்டுப் பார்க்க வம்ச மரம் தயாராக இருந்தது. அப்படியும் 17 பேர் இறந்தார்கள். நோயாளியைக் கவனித்துக்கொண்ட ஓர் இளம் செவிலியரும் அதில் ஒருவர்.

அந்த வீட்டுக் கிணற்றில் வௌவால்கள் இருந்தன. எல்லோரும் அவற்றைக் கைகாட்டினார்கள். பிடித்துச் சோதித்தால், நிபா இல்லை. அவை பூச்சி தின்னும் வௌவால்கள்! பிறகு அந்தப் பகுதியின் பழந்தின்னி வௌவால்கள் 52-ஐச் சோதித்ததில் 10-ல் நிபா இருந்தது. நோயாளிகளின் வைரஸையும் இந்த வைரஸையும் ஒப்பிட்டால், பார்த்த பகுதியில் நூற்றுக்கு 99.7-க்கு மேல் ஒற்றுமை. கிணற்று வௌவாலின் மீது விழுந்த பழியை எழுத்துகள்தான் துடைத்தன.

நிபாவிலும் கிளைகள் உண்டு. மலேசிய நிபா ஒரு கிளை. 2001 முதல் வங்கதேசத்தில் தலைகாட்டுகிற நிபா இன்னொரு கிளை; நீளம் 18,252 எழுத்துகள், மலேசியாவைவிட ஆறு அதிகம். (ஆறால் வகுத்துப் பார்த்தீர்களா?) அங்கே பன்றி நடுவில் இல்லை. வௌவால் வாய் வைத்த பேரீச்சைப் பதநீரைக் காய்ச்சாமல் குடித்தவர்களுக்கு வந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்கும் பரவியது. கேரள நிபா வங்கதேசக் கிளைக்கு நெருக்கம், ஆனால் தனக்கென்று தனிக் கொம்பு வைத்திருக்கிறது. வெளியூரிலிருந்து யாரோ கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. உள்ளூர் வௌவால்களிடமே இருந்திருக்கிறது.

குடும்பம் பெருகுகிறது

ஹெனிபா வீட்டுக்கு இப்போது ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் கானா நாட்டு வௌவாலில் ஒரு சொந்தம் கிடைத்தது. 2012-ல் ஆஸ்திரேலியாவில் வௌவால் சிறுநீரிலிருந்து 'சீடர்' என்ற வைரஸை எடுத்தார்கள். நீளம் 18,162. ஹெண்ட்ராவின் ரத்த சொந்தம். ஆனால் பரம சாது! சோதனைச் சாலையில் ஹெண்ட்ராவும் நிபாவும் கொன்றுபோடுகிற சிறு பிராணிகளை இது நோயாளி ஆக்கவே இல்லை.

ஏன்? இரண்டு பேரின் எழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஹெண்ட்ராவும் நிபாவும் ஒரு மரபணுவிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட புரதங்களைச் செய்துகொள்கின்றன. நம் உடம்பின் காவல்காரர்களை ஏமாற்ற அவை பயன்படுகின்றன. சீடரால் அந்தக் கூடுதல் புரதங்களைச் செய்ய முடியாது. அந்த வித்தைக்கான எழுத்துகள் அதனிடம் இல்லை. அதன் சாதுத்தனத்துக்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். கொலைகாரனைப் பற்றித் தெரிந்துகொள்ள, அவனுடைய சாதுவான தம்பியிடம் விசாரிக்கிற மாதிரி!

சிலர் வீடு மாறியும் போயிருக்கிறார்கள். சீனாவில் எலியில் கிடைத்த மோஜியாங், மூஞ்சூறில் கிடைத்த லாங்யா இரண்டையும் முதலில் ஹெனிபா வீட்டில்தான் சேர்த்தார்கள். இன்னும் பல மூஞ்சூறு வைரஸ்களின் எழுத்துகளைப் படித்த பிறகு, இவர்கள் வேறு கிளை என்று தெரிந்தது. வைரஸ்களை வகைப்படுத்துகிற சர்வதேசக் குழு, அண்மையில் அவற்றைப் பக்கத்திலேயே 'பாராஹெனிபா' என்ற தனி வீட்டுக்குக் குடி மாற்றிவிட்டது.

தியோமான் தீவில் விரித்ததைப் போன்ற விரிப்புகளை இன்றைக்கும் பல நாடுகளில் வௌவால் மரங்களின் அடியில் விரிக்கிறார்கள். விடியற்காலையில் துளிகளைக் குழாய்களில் எடுத்து, எண் ஒட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். புதிதாக ஒரு வைரஸ் கிடைத்தால், பெயர் வைப்பதற்கு முன்னாலேயே கேட்கிற முதல் கேள்வி அந்தக் கல்யாண வீட்டுப் பாட்டியின் கேள்விதான்: "நீ யார் வீட்டுப் பிள்ளை?"